கை பழகும் பட்டறை

ஐடிஐ முடித்த பையன் உங்கள் லேத் பட்டறைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு ஷாஃப்டை நம்பி அவன் கையில் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் பத்துக்கு இரண்டு ரிஜெக்ட். அவனை அனுப்பிவிட்டு வேறு ஆள் தேடலாம். வருகிறவனுக்கும் ஆறு மாதம் போகும். அதற்கு முன் இந்த அத்தியாயத்தில் உள்ளதை ஆறு வாரம் செய்து பாருங்கள். ஐந்து பேர் முதல் இருபது பேர் வரை வேலை செய்யும் பட்டறையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பணச் செலவு குறைவு. உங்கள் நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

## ஒரு வெர்னியரின் கதை

கோவையில் நான் ஃபோர்மேனாக இருந்த ஒரு பட்டறையில் 25 மி.மீ. ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. புல்லி ஏறும் இடத்துக்கு டிராயிங்கில் சின்ன எழுத்தில் h7 என்று போட்டிருந்தது. 25.000-ஐத் தாண்டக் கூடாது, 24.979-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று அர்த்தம். நடுவில் இருப்பது 21 மைக்ரான். மூன்று வாரம் தொடர்ந்து ரிஜெக்ட் வந்தது, எல்லாம் ஒரே பையன் செய்த ஜாப். திட்டினோம். நானும் திட்டினேன். மெஷினை மாற்றிக் கொடுத்தோம். அதிலும் ரிஜெக்ட்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவனுடைய வெர்னியரை எடுத்துத் தாடையை மூடி, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். மூடிய தாடைக்கு நடுவே மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது.

"இது கீழ விழுந்துச்சா தம்பி?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆமாங்கண்ணா. தீபாவளிக்கு முன்னாடி."

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு முன்தான் டூல் உடைத்த இன்னொரு பையனுக்குப் போனஸில் பிடித்திருந்தார்கள்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விழாத வெர்னியராக இருந்தாலும் அந்த வேலைக்கு அது ஆகாது. அதில் பார்க்க முடிந்த மிகச் சின்ன அளவே 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். 21 மைக்ரான் இடைவெளியை 20 மைக்ரான் கோட்டை வைத்து அளக்கச் சொல்லியிருந்தோம். பட்டறையில் மைக்ரோமீட்டர் இல்லாமல் இல்லை. ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருந்தது.

## ஆளைத் திட்டும் முன் ஆறு கேள்விகள்

தாமஸ் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1978-இல் எழுதிய நூலில், ஒருவர் வேலை சரியாக வராததற்கான காரணங்களை ஆறு கட்டங்களாகப் பிரித்தார். மூன்று வேலை இடத்தைச் சேர்ந்தவை, மூன்று ஆளைச் சேர்ந்தவை. இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன வரிசை. கோட்பாடு இவ்வளவு போதும். அதைப் பட்டறை மொழியில் கேள்விகளாக மாற்றியிருக்கிறேன். ரிஜெக்ட் வந்தவுடன் இதே வரிசையில் கேளுங்கள்.

1. என்ன அளவு வேண்டும், எது தவறினால் ஜாப் போய்விடும் என்று அவனுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா? செய்த ஜாப் சரியா தப்பா என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்ததா?
2. அந்த அளவை எட்டும் மெஷின், டூல், அளவுக் கருவி அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததா?
3. சரியாகச் செய்தால் அவனுக்கு என்ன கிடைக்கிறது? வேகமாகச் செய்கிறவனுக்கு மட்டும் பாராட்டா? தப்பை ஒப்புக்கொண்டால் நஷ்டமா?
4. அந்த வேலையை அவனுக்கு யாராவது உண்மையிலேயே கற்றுக்கொடுத்தார்களா? "பக்கத்தில் நின்று பார்" என்றது கற்றுக்கொடுத்ததில் சேராது.
5. அவன் கண், உயரம், உடம்பு அந்த வேலைக்கு ஒத்துவருகிறதா? கண்ணாடி தேவைப்படும் பையன்கள் அதை வெளியே சொல்லாமல் சமாளிப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.
6. இந்த வேலையில் அவனுக்கு விருப்பம் இருக்கிறதா?

நம்மில் பெரும்பாலோர் ஆறாவது கேள்வியில்தான் தொடங்குகிறோம். வெர்னியர் கதையில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் காரணம்.

குறிப்பு: ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-இல் ஒரு சோதனை சொன்னார்கள். உயிரே போகும் என்றாலும் இவனால் இதைச் செய்ய முடியாதா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் கற்றுக்கொடுங்கள். முடியும் என்றால் பயிற்சி வீண், தடை வேறெங்கோ இருக்கிறது.

## இடத்தைச் சரி செய்யும் வரிசை

ஒரு சனிக்கிழமை மதியமும் ஒரு ஞாயிறும் ஒதுக்குங்கள்.

1. முதலில் நின்று பாருங்கள். பையன் வேலை செய்யும் மெஷின் பக்கம் அரை மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். எதையாவது தேடிப் போனால் ஒரு கோடு, யாரையாவது கேட்கப் போனால் ஒரு கோடு, கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டால் ஒரு கோடு. முன்கூட்டியே சொல்லிவிட்டு நில்லுங்கள்: "தம்பி, உன்னைப் பார்க்க வரலை. இந்த இடத்துல என்ன குறைன்னு பார்க்கறேன்." சொல்லாமல் நின்றால் அவன் கை நடுங்கும், நீங்கள் பார்ப்பதும் உண்மையாக இருக்காது.

2. வெளிச்சம். அளவு பார்க்கும் மேசையிலும் டூல் வெட்டும் இடத்திலும் 500 லக்ஸுக்குக் குறையாமல் இருக்கட்டும். போனில் உள்ள லக்ஸ் ஆப் துல்லியமாகக் காட்டாது, ஆனால் எந்த மூலை இருட்டு என்று காட்டிவிடும்.

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் உண்டு. பழைய டியூப் லைட் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 முறை மின்னும். மூன்று தாடைச் சக் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 தாடைகள் கண்ணைக் கடக்கும். நான்கு தாடைச் சக்குக்கு அந்த வேகம் 1500. இரண்டும் பொருந்தும்போது ஓடுகிற சக் நிற்பது போலத் தெரியும். புதுப் பையன் கையை நீட்டிவிடுவான். பட்டறை விளக்குகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மெஷின் தலைக்கு மேல் மின்னாத எல்இடி விளக்கு ஒன்று வையுங்கள்.

3. அளவுக் கருவி. ஜாபின் இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிற கருவி வேண்டும் என்பது பழைய வழக்கம். சின்னப் பட்டறையில் அது எப்போதும் முடியாது. ஆனாலும் 0.02 மி.மீ. இடைவெளிக்கு வெர்னியர் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மைக்ரோமீட்டரோ ஸ்னாப் கேஜோ மெஷின் பக்கத்திலேயே, ரப்பர் விரித்த தட்டில் இருக்கட்டும். தினமும் காலையில் முதல் வேலையாக ஜீரோ பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. கருவி போய்விடும் என்று அலமாரியில் பூட்டாதீர்கள். பூட்டிய கருவி மிச்சப்படுத்தும் பணத்தைவிட ரிஜெக்ட்டில் போகும் பணம் பெரிது.

4. டயல் ஸ்டிக்கர். புதுப் பையன்கள் கெடுக்கும் ஜாபுகளில் ஒரு பங்கு இதில்தான் போகிறது. சில லேத்துகளில் கிராஸ் ஸ்லைடு டயலில் 0.1 தள்ளினால் டூல் 0.1 உள்ளே போகும், விட்டத்தில் 0.2 குறையும். வேறு சில லேத்துகளில் 0.1 தள்ளினால் விட்டத்திலேயே 0.1தான் குறையும். ஒரே பட்டறையில் இரண்டு வகையும் இருக்கும். பழைய ஆட்களுக்குக் கை அறியும். பையனுக்கு யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்பதால். ஒவ்வொரு டயலுக்குப் பக்கத்திலும் அதன் கணக்கைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், முதல் வகைக்கு இப்படி: "0.1 தள்ளினால் விட்டம் 0.2 குறையும்."

5. மாதிரி ஜாப். ஓடுகிற ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு நல்ல பீஸ், ஒரு கெட்ட பீஸ். நல்லதில் பச்சைப் பெயின்ட், கெட்டதில் சிவப்பு, எங்கே கெட்டது என்று ஒரு சீட்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள் வேலை செய்யும் பட்டறையில் இதைவிடத் தெளிவான மொழி கிடையாது. நீங்கள் அரைகுறை இந்தியில் பத்து நிமிடம் சொல்வதை அந்தச் சிவப்பு பீஸ் ஒரு பார்வையில் சொல்லும்.

6. டிராயிங். எண்ணெய் படிந்து மடிந்த நகல் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கண் உயரத்தில் மாட்டுங்கள். தவறவே கூடாத அளவைச் சிவப்பு மையில் சுழியுங்கள். கஸ்டமர் புது டிராயிங் அனுப்பிய அன்றே பழையதைக் கிழித்துவிடுங்கள்.

## மெஷினைத் தொடும் முன்

புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் காலை இதற்கு மட்டும். வேலை எதுவும் கொடுக்காதீர்கள். 18 வயது நிறையாதவரை லேத்தில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

- சக் கீயைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கக் கூடாது. ஒரு நொடிக்குக்கூட. மெஷினைப் போட்டால் அது குண்டு போலப் பறக்கும். ஸ்பிரிங் வைத்த சக் கீ விற்கிறார்கள், கையை விட்டால் தானே வெளியே வந்துவிடும். அதையே வாங்குங்கள்.
- ஓடுகிற லேத்தில் கையுறை போடக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் பையன்கள் போடுவார்கள். சக்கோ சுருளோ கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.
- முழுக்கைச் சட்டை, கழுத்துத் துண்டு, அடையாள அட்டைக் கயிறு, மோதிரம், காப்பு, காதில் மாட்டிய ஒயர் எதுவும் கூடாது. தலைமுடி நீளமாக இருந்தால் இறுக்கிக் கட்டித் தொப்பிக்குள் விட வேண்டும். கையில் கட்டிய சாமிக் கயிறுதான் சங்கடமான விஷயம். கழற்று என்று அதட்டாமல், வேலை நேரத்தில் வைக்க மெஷின் அறைக்கு வெளியே சாமி படத்துக்குக் கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். நான் வைத்தேன். முதல் வாரத்திலேயே எல்லாரும் கழற்றி வைத்தார்கள்.
- இரும்புச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, மெஷினை நிறுத்திக் கொக்கியால் எடுக்க வேண்டும். ஏர் அடித்துத் தள்ளினால் துகள் கண்ணுக்குப் போகும். கண்ணாடி இல்லாமல் மெஷின் பக்கம் யாரும் வரக் கூடாது, முதலாளி உட்பட.
- எமரி பேப்பரை விரலில் சுற்றி ஓடுகிற ஜாபில் பிடிக்கக் கூடாது. பனியன் வேஸ்ட்டால் துடைப்பதும் மெஷின் நின்ற பிறகுதான்.
- நீளமான ராடு ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஓடும்போது வளைந்து சாட்டை போல அடிக்கும். தாங்கி வைக்காமல் ஓட்டக் கூடாது.

சொல்லி முடித்தபின் அவசர ஸ்விட்சைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொல்லுங்கள். மூன்று முறை சரியாகத் தட்டினால்தான் அடுத்தது.

## வேலையைப் பிரித்து எழுதும் தாள்

கற்றுக்கொடுக்க உட்காரும் முன் நீங்கள் ஒரு தாள் எழுத வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். இருபது வருடம் வேலை செய்தவருக்குத் தன் கை என்ன செய்கிறது என்பது தனக்கே தெரியாது. "அப்படியே லேசா ஒரு வெட்டு விடுப்பா" என்பார். அந்த லேசு எவ்வளவு என்பதில்தான் தொழிலே இருக்கிறது.

தாளில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன செய்ய வேண்டும், அதில் எது முக்கியம், ஏன். ஒரு தாளில் ஒரு வேலை மட்டும், பத்துப் படிக்கு மேல் வேண்டாம். 25 மி.மீ. ஷாஃப்டின் கடைசி வெட்டுக்கு நான் எழுதிய தாள் இது:

1. மெஷினை நிறுத்தி ஜாபை ஆற விடு. முக்கியம்: தொட்டால் சூடு தெரியக் கூடாது. ஏன்: எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 11 முதல் 12 மைக்ரான் விரியும். 25 மி.மீ. ஷாஃப்ட் 30 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் ஏறக்குறைய 9 மைக்ரான் பெரிதாகக் காட்டும். சூட்டில் 24.985 என்று சரியாக இருந்த ஜாப், ஆறியதும் ரிஜெக்ட்.
2. துடைத்து மூன்று இடத்தில் அள. முக்கியம்: மைக்ரோமீட்டரின் ராட்செட்டைப் பிடித்தே திருகு, மூன்று சொடுக்கு. ஏன்: கை அழுத்தம் மாறினால் அளவு மாறும். மூன்று இடத்தில் அளந்தால்தான் டேப்பர் தெரியும்.
3. மீதியை எழுதி, இரண்டு சம வெட்டாகப் பிரி. முக்கியம்: மனதில் கணக்குப் போடாதே, சாக்பீஸால் மெஷின் மூடியில் எழுது. ஏன்: முதல் வெட்டு முடிந்து அளந்தால், டயல் சொன்னதும் உண்மையில் குறைந்ததும் ஒன்றுதானா என்று தெரியும். இரண்டும் ஒரே ஆழம் என்பதால் டூல் தள்ளிக்கொடுப்பதும் ஒரே மாதிரி இருக்கும்.
4. டயலை முன்னோக்கி மட்டும் கொண்டு வா. முக்கியம்: கோட்டைத் தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்றுப் பின்னால் போய்த் திரும்ப வா. ஏன்: ஸ்குரூவில் பிளே உண்டு. கோட்டளவு மட்டும் பின்னால் திருப்பினால் டயல் நகரும், டூல் நகராது.
5. இரண்டாம் பாதியை வெட்டி, நிறுத்தி, ஆறவிட்டு அள. முக்கியம்: ஃபீடை மாற்றாதே.

இந்த ஐந்து படியை எழுத எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. பட்டறையின் பழைய டர்னரைச் செய்யச் சொல்லி, ஒவ்வொரு அசைவிலும் "ஏன் அண்ணா இப்படி?" என்று கேட்டு எழுதினேன். நான்காவது படியை அவர் சொல்லவே இல்லை. கையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

## கற்றுக்கொடுக்கும் நான்கு படிகள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் தேர்ந்த ஆட்கள் போருக்குப் போய்விட, அதுவரை இரும்பைத் தொடாதவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களை வேகமாகப் பழக்க 1940 முதல் 1945 வரை அரசு நடத்திய திட்டத்தில் உருவான முறை இது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் டொயோட்டா வரை பரவியது. நம் பட்டறைக்கு அப்படியே பொருந்துகிறது.

படி 1: ஆளைத் தயார் செய்யுங்கள். இதற்கு முன் என்ன செய்திருக்கிறான் என்று கேளுங்கள். இந்த ஷாஃப்ட் எந்தப் பம்பில் எங்கே போகிறது என்று காட்டுங்கள். முடிந்தால் அசெம்பிளி ஆன பம்பைக் கழற்றியே காட்டுங்கள். அவன் உங்களுக்கு எதிரே நிற்க வேண்டாம், பக்கத்தில் நிற்கட்டும். எதிரே நின்றால் இடமும் வலமும் மாறித் தெரியும்.

படி 2: செய்து காட்டுங்கள், மூன்று முறை. முதல் முறை படிகளை மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் முறை படியும் முக்கியமும். மூன்றாம் முறை படி, முக்கியம், ஏன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் எதுவும் தங்காது. பேசும்போது மெஷினை நிறுத்துங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது என்றால் அந்தச் சத்தத்தில் காதும் கெடும், பாடமும் ஏறாது.

படி 3: செய்ய விடுங்கள், நான்கு முறை. முதலில் பேசாமல் செய்யட்டும், தப்பானால் உடனே நிறுத்துங்கள். அடுத்து படிகளைச் சொல்லிக்கொண்டே, பிறகு முக்கியங்களைச் சொல்லி, கடைசியில் காரணங்களையும் சொல்லிச் செய்யட்டும். காரணம் சொல்ல முடிந்தால்தான் தெரியும் என்று அர்த்தம். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "புரிஞ்சுதுங்க" என்பார்கள்.

படி 4: விடுங்கள், ஆனால் திரும்பிப் போங்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரே ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். முதல் நாள் அரை மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள், பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறை. படித்தது முதல் ஒரு நாளிலேயே வேகமாக மறக்கும் என்று எபிங்ஹவுஸ் 1885-இலேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதினார். ஆகவே இன்று காட்டிய வேலையையே நாளைக் காலை முதல் ஜாபாகக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கொடுத்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வழக்கமான தவறு: திங்கள்கிழமை லோடு வண்டி வாசலில் நிற்கும்போது கற்றுக்கொடுக்க உட்காருவது. அவசர ஜாபில் பாடம் நடத்தாதீர்கள். ஸ்கிராப் ராடில், நேரம் இருக்கும்போது நடத்துங்கள்.

## பழைய கையின் நியாயம்

"எங்கள் டர்னர் பசங்களுக்குச் சொல்லியே தர மாட்டேங்கிறார்" என்று எத்தனையோ முதலாளிகள் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். அவர் பக்கம் நின்று பாருங்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் ஒரு மணி நேரக் கூலி போகிறது. பையன் தேறிவிட்டால் குறைந்த சம்பளத்துக்கு அவனை வைத்துக்கொண்டு தன்னை அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. அந்தப் பயம் கற்பனை இல்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் செய்து பலன் கண்டவை:

1. கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு அவருடைய சராசரி மணிக் கூலியை அப்படியே கொடுங்கள். தினம் ஒரு மணி நேரம், ஆறு வாரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சில ரிஜெக்ட் ஜாபின் விலைதான்.
2. பையன் தனியாக ஜாப் ஓட்டத் தொடங்கும் நாளில் அவருக்கு ஒரு தொகை கொடுங்கள். மூன்று மாதம் கழித்தும் அவன் ஜாப் சரியாக வந்தால் இன்னொரு தொகை. முதலாவதை மட்டும் கொடுத்தால் அவசரமாக "தேறிட்டான்" என்று சொல்லிவிடுவார்.
3. அவர் வேலைக்கு ஆபத்தில்லை என்பதை வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் செய்கையில் காட்டுங்கள். செட்டிங், புது ஜாப் முதல் பீஸ், கேஜ் சோதனை ஆகியவற்றின் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள்.
4. பையன் முன்னால் அவரைத் திட்டாதீர்கள்.

அரசின் பயிலுநர் திட்டத்தையும் விசாரித்துப் பாருங்கள். 2016-இல் தொடங்கிய தேசியப் பயிலுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பயிலுநர் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைகூடச் சேரலாம். வட்டார ஐடிஐயிலேயே வழி சொல்வார்கள்.

## "கெட்டுப் போச்சுங்கண்ணா"

இந்த வார்த்தை பட்டறையில் பயமில்லாமல் ஒலிக்க வேண்டும். கெட்ட ஜாபைச் சுருளுக்கு அடியில் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பையனிடமிருந்து நீங்களும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது, அவனும் எதையும் கற்க மாட்டான். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளைப் பார்த்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தப்புகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தப்புச் செய்யவில்லை, செய்த தப்பை வெளியே சொன்னார்கள்.

செய்ய வேண்டியது:

1. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் சிவப்புப் பெட்டி. கெட்ட ஜாப் அதில் மட்டும்தான் விழ வேண்டும்.
2. சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்தும் உரிமை புதுப் பையனுக்கும் உண்டு என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.
3. அவன் வந்து சொன்னவுடன் நீங்கள் பேசும் முதல் வாக்கியம் "சொன்னது நல்லதாப் போச்சு" என்று இருக்கட்டும். இதைச் சொல்லிப் பழகுங்கள், எளிதல்ல. லோடு நிற்கும் நேரத்தில் கோபம் முந்திக்கொண்டு வரும். வந்துவிட்டால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.
4. இருவரும் மெஷின் பக்கம் போய், மேலே சொன்ன ஆறு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். ஐந்து நிமிடம்.
5. கிடைத்த காரணத்தை அன்றே தாளில் சேர்த்துவிடுங்கள், அல்லது இடத்தில் மாற்றுங்கள்.

சம்பளத்தில் பிடிக்காதீர்கள். தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் நஷ்டத்துக்குப் பிடிப்பதைச் சட்டமும் அனுமதிக்காது. ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு முறை பிடித்தால் அந்தப் பட்டறையில் அடுத்த இரண்டு வருடத்துக்கு யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்து வையுங்கள். ஜாப் கெட்டால் பேசித் தீர்க்கலாம். சக் கீயை விட்டது, கண்ணாடி போடாதது போன்றவற்றுக்கு அன்றைக்கு மெஷின் கிடையாது. சம்பளம் உண்டு, மெஷின் இல்லை. அது யாராக இருந்தாலும்.

## ஆறு வாரம்

முதல் வாரம் பாதுகாப்பு, கருவி ஜீரோ, அளந்து எழுதுதல். ஏற்கெனவே முடிந்த இருபது ஜாபை அளக்கச் சொல்லி, பழைய டர்னர் அளந்ததோடு ஒப்பிடுங்கள். இருவர் அளவும் 5 மைக்ரானுக்குள் ஒத்துவராத வரை வெட்டவே விடாதீர்கள். அவசரப்பட்டு இதைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் எனக்கு நஷ்டம்தான்.

இரண்டாம், மூன்றாம் வாரம் ரஃப் வெட்டு. நான்காம் வாரம் ஸ்கிராப் ராடில் கடைசி வெட்டு. ஐந்தாம் வாரம் நிஜ ஜாப், முதல் பீஸைப் பழைய டர்னர் பார்த்த பிறகே அடுத்தது. ஆறாம் வாரம் தனியாக.

சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். தினமும் மூன்று எண்கள்: முதல் முறையிலேயே சரியாக வந்த ஜாப் எத்தனை, தானாக வந்து சொன்ன தப்பு எத்தனை, கேட்ட கேள்வி எத்தனை. பையன் பெயர் போட வேண்டாம், மெஷின் நம்பர் போதும். முதல் இரண்டு வாரத்தில் இரண்டாவது எண் ஏறும். பயப்படாதீர்கள், முன்பு சுருளுக்கு அடியில் கிடந்தவைதான் வெளியே வருகின்றன. இறங்க வேண்டியது மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. கேள்வி எண்ணிக்கை பூஜ்யமானால் மட்டும் உடனே போய் என்ன நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் யாரோ அதட்டியிருப்பார்கள்.

ஆறாவது வாரக் கடைசியில், அடுத்து வந்த புதுப் பையனுக்கு இவனையே கடைசி வெட்டைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். தாளைக் கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் நாலடி தள்ளி நின்று கேளுங்கள். அவன் சொல்லாமல் விடுவதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அவை நீங்கள் அவனுக்குச் சரியாகக் காட்டாதவை. தாளில் இல்லாத எதையாவது அவனாகச் சேர்த்துச் சொன்னால், அதை அன்று மாலையே தாளில் எழுதி, பக்கத்தில் அவன் பெயரையும் போடுங்கள்.